செய்தவர் அறியப்படாதவர் அல்லர்: காட்சிக்கூட நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

காட்சிக்கூட நிர்வாகக் குழுவின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

உங்கள் கூடத்தின் இரண்டாவது அறையில், வாசலுக்கு இடப்புறம், சுவரோடு ஒட்டி வைக்கப்பட்ட கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று கூத்து முடிகள், அதாவது கூத்தில் அரசராக ஆடுபவர்கள் தலையில் அணியும் கிரீடங்கள், இருக்கின்றன. அவற்றின் கீழே உள்ள அட்டையில் 'மட்டக்களப்பு வடமோடிக் கூத்து முடிகள். செய்தவர் அறியப்படவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். வடமோடி என்பது மட்டக்களப்புக் கூத்தின் இரு வகைகளுள் ஒன்று. அந்த மூன்று முடிகளையும் செய்தவர் என் நண்பர். 31 ஆண்டுகள் அவரும் நானும் ஒரே கொட்டிலுக்குள் இருந்து, அவர் முடி கட்ட, நான் முகம் எழுத, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் கிழக்கே எழுவான்கரையிலும் கூத்துக்களுக்கு வேலை செய்தோம். கடந்த ஆண்டு மாசி மாதத்தில் அவர் காலமானார். ஆனி மாதத்தில் உங்கள் காட்சி திறக்கப்பட்டது. இடைப்பட்ட நான்கு மாதத்துக்குள் அவர் அறியப்படாதவர் ஆகிவிட்டார்.

இந்த அட்டையைப் பற்றி உங்கள் அலுவலகத்தில் இருமுறை நேரிலும் ஒருமுறை எழுத்திலும் முறையிட்டேன். எழுத்துக்குப் பதில் வரவில்லை. இம்மாதம் உங்கள் அறிவித்தற் பலகையில், களஞ்சிய அறையிலுள்ள மிகுதி நான்கு முடிகளும் மார்ச் 27ஆம் திகதி உலக நாடக தினத்துக்கு முன்னர் இதே முறையில் புதுப்பிக்கப்படும் என்ற தீர்மானத்தை வாசித்தேன். இனியும் தனியே வந்து உங்கள் வாசலில் காத்திருப்பது சரியல்ல என்று தோன்றியதால், எல்லோரும் வாசிக்கும்படி இதை எழுதுகிறேன்.

என் நண்பரின் பெயரை இந்த மடலில் நான் எழுதப் போவதில்லை. மச்சாளின், அதாவது அவருடைய மனைவியின், வேண்டுகோள் அது. "முதல்ல முடிக்குக் கீழ எழுதட்டும். மறுகா நீங்க எங்கயும் எழுதுங்க. சண்டைக் கடிதத்தில அவர்ர பேர் வாணாம்" என்று அவர் சொன்னார். அந்தப் பெயர் உங்களுக்குத் தெரியாத பெயரும் அல்ல. முடிகளைக் கையேற்ற அன்று உங்கள் பதிவேட்டில் அவர் தம் முழுப்பெயரையும் எழுதிக் கையொப்பமிட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். சாட்சியாக நானும் ஒப்பமிட்டேன். அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

அவர் கொடுத்தவை ஏழு முடிகள், இரண்டு கரப்புடுப்புக்கள் (இடுப்புக்குக் கீழே விரிந்து நிற்கும் கூத்து உடைகள்), ஒரு சோடிப் புஜம் (தோளணி), ஒரு மார்புப் பதக்கம். ஏழு முடிகளில் ஆறு அவருடைய கைவேலை. ஏழாவது அவருடைய தகப்பனார் கட்டியது. தகப்பனார் கட்டியவற்றுள் 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளிக்குத் தப்பியது அது ஒன்றுதான்; கூரை போன வீட்டில், கவிழ்ந்து கிடந்த நெல் அவியல் அண்டாவுக்குள் இருந்து அதை எடுத்ததாக அவர் சொல்லுவார். 1990இல் ஊர் இடம்பெயர்ந்தபோதும் அந்த ஒரு முடியைச் சாக்கில் சுற்றிக் கையில் கொண்டுபோனார். மற்றவற்றைப் பரணில் விட்டுப் போனவர், திரும்பி வந்தபோது பரணும் இல்லை. அதன்பின் ஒவ்வொன்றாக மீண்டும் கட்டியவைதான் இந்த ஆறும். இவற்றை விற்கும்படி கேட்டு வந்தவர்கள் உண்டு. அவர் விற்கவில்லை. தம் காலத்துக்குப் பிறகு கறையானும் எலியும் தின்றுவிடும் என்ற பயத்தால் உங்களிடம் காவலுக்குக் கொடுத்தார். கொடுத்த நாளில் இரண்டு நிபந்தனைகளை ஒரு முழுத்தாளில் எழுதிக் கொண்டுவந்தார். முடிகளின் எந்தப் பகுதியையும் தம்மையோ தம் மாணவனையோ கேட்காமல் மாற்றக்கூடாது என்பது முதலாவது. ஊரில் யாராவது முடி கட்டப் பழக விரும்பினால், வந்து தொட்டுப் பார்த்து அளவெடுக்க விட வேண்டும் என்பது இரண்டாவது. அந்தத் தாள் உங்கள் கோப்பில் இருக்க வேண்டும். அதன் பிரதி என்னிடம் இருக்கிறது.

முடிகளுக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்லுமுன், முடி என்றால் என்ன என்று அவர் எனக்குக் காட்டித் தந்ததைச் சொல்ல வேண்டும். அது தெரியாமல் செய்த காரியமாகவே உங்கள் புதுப்பித்தலை நான் இன்னமும் எண்ண விரும்புகிறேன்.

ஒரு ஊரில் கூத்துப் பழகத் தொடங்கி, கூத்தைப் பழக்கும் ஆசிரியரான அண்ணாவியார் சட்டம் (பாத்திரத்துக்குரிய பாட்டும் வசனமும்) கொடுத்து, யாருக்கு எந்தப் பாத்திரம் என்று முடிவான பிறகே அவர் அந்த ஊருக்குப் போவார். போனவுடன் தலையை அளக்க மாட்டார். வாரந்தோறும் ஒத்திகையாக ஆடும் கிழமைக் கூத்து நடக்கும் இரவுகளில், களரி எனப்படும் ஆடுகளத்தின் ஓரத்தில் குந்தியிருந்து, அந்த ஆட்டக்காரன் எந்தப் பக்கம் திரும்பும்போது கழுத்தைச் சாய்க்கிறான், துள்ளி மிதிக்கும்போது தலையை எவ்வளவு பின்னால் எறிகிறான் என்று பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு மூன்று கிழமைகள் கழித்துத்தான் ஓலை நறுக்கோடு அவன் முன் வந்து நிற்பார். நெற்றியைச் சுற்றி ஒரு அளவு, காதுக்கு மேல் ஒரு அளவு, பிடரியிலிருந்து உச்சிக்கு ஒரு அளவு. வடமோடி ஆட்டத்தின் வேகம் தெரிந்தவர்களுக்கு இது ஏன் என்று விளங்கும். போருக்கு வரும் துரியோதனன் சுழன்று ஆடும்போது முடி அரை அங்குலம் அசைந்தாலும் அவன் மனம் மத்தளத்தை விட்டு முடிக்குப் போய்விடும். மனம் போனால் தாளம் போய்விடும். அரங்கேற்ற இரவில் முடியைப் பிடித்துக்கொண்டு ஆடும் அரசனைப் பார்க்க நேர்ந்தால் அவர் அன்று சாப்பிட மாட்டார், அது வேறொருவர் கட்டிய முடியாக இருந்தாலும்.

உள்ளே முருக்கங்கட்டையும் பிரம்பும். அதன்மேல் மூங்கிற் சிம்பு. அதன்மேல் கடதாசிக் கூழ், புளியங்கொட்டைப் பசை. கண்ணாடித் துண்டுகளை அவரே வெட்டுவார், பதிப்பவர் மச்சாள். தங்க நிறத்துக்கு வர்ணம் பூசுவது அவருக்குப் பிடிக்காது. தேயிலைப் பெட்டிகளின் உட்புற ஈயத்தாளைச் சேர்த்து வைத்து, அதை மெல்லக் கசக்கி, பிறகு விரல் நகத்தால் நீவி ஒட்டுவார். கசங்கிய தாள் வெளிச்சத்தைச் சிதறடிக்கும், மழமழப்பான வர்ணம் வெளிச்சத்தை ஒரு இடத்தில் வாங்கி ஆட்டக்காரனின் முகத்தை இருட்டாக்கிவிடும் என்பது அவர் கண்ட உண்மை. முகம் எழுதுபவன் என்ற முறையில் நான் அதற்குச் சாட்சி. அரிதாரமும் முத்துவெள்ளையும் குழைத்து நான் எழுதிய முகங்கள் களரியின் கடைசி வரிசைவரை தெரிந்ததற்கு, அந்த முகங்களுக்கு மேலிருந்த முடியும் காரணம்.

கண்ணாடித் துண்டு ஒவ்வொன்றும் எந்தச் சாய்வில் இருக்க வேண்டும் என்பதற்கும் அவரிடம் கணக்கு இருந்தது. தகப்பனாரின் முடியில் கண்ணாடிகள் நேராகவோ சற்று மேல்நோக்கியோ இருக்கும். தாழ நின்ற பந்தங்களின் வெளிச்சத்துக்குக் கட்டியது அது. பெற்றோமக்ஸ் விளக்கு உயரத்தில் தொங்கத் தொடங்கிய பிறகு கண்ணாடி கீழ்நோக்கிச் சாய வேண்டும் என்று கண்டுபிடித்து மாற்றியவர் என் நண்பர். ரியூப் லைற் வந்ததும் கண்ணாடிகளின் எண்ணிக்கையைக் குறைத்தார். ஆகவே ஏழு முடிகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், மட்டக்களப்புக் களரிகளின் வெளிச்சம் எப்படி மாறி வந்தது என்பதை யாரும் வாசித்தறியலாம். உங்கள் கூடத்தில் அதைச் சொல்லும் ஆவணம் வேறு எதுவும் இல்லை.

இனி நடந்ததற்கு வருகிறேன். பெட்டிக்குள் இருக்கும் மூன்று முடிகளின்மீதும் தங்க நிற வர்ணம் விசிறப்பட்டிருக்கிறது. ஈயத்தாள் முழுவதும் அதன் கீழே போய்விட்டது. உடைந்திருந்த கண்ணாடிகளை மாத்திரம் மாற்றியிருந்தாலும் ஆறியிருப்பேன். நல்ல நிலையில் இருந்தவற்றையும் நோண்டி எடுத்துவிட்டு, தையற்கடையில் வாங்கும் பிளாஸ்ரிக் கற்களை ஒட்டியிருக்கிறீர்கள், எல்லாம் ஒரே சாய்வில். மூன்றாவதாக நீங்கள் செய்ததுதான் என்னால் எந்த வகையிலும் ஏற்க முடியாதது. ஒவ்வொரு முடியின் உட்புறத்திலும் அவர் பென்சிலால் எழுதி வைத்திருந்தார்: ஆண்டு, ஊர், கூத்து, பாத்திரம், ஆடியவரின் பெயர், முடியின் நிறை. எவ்வளவு பெரிய அரசனுக்கும் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் முடி கட்டுவதில்லை என்பது அவர் தமக்கு விதித்துக்கொண்ட சட்டம் என்பதால், நிறையை எழுதத் தவறமாட்டார். அந்த எழுத்தின்மேல் புதிய றெஜிபோம் (நுரைப் பிளாஸ்ரிக்) துண்டுகள் பசை பூசி ஒட்டப்பட்டுள்ளன. செய்தவர் அறியப்படவில்லை என்று எழுதிய கையே, ஆடியவரையும் ஊரையும் சேர்த்து மூடிவிட்டது.

இதை உங்கள் உத்தியோகத்தர் ஒருவரிடம் சொன்னபோது, அவர் பொறுமையாகக் கேட்டார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் தந்த பதில் இரண்டு. கூத்து ஒரு சமூகத்தின் பொதுச் சொத்து, அதில் தனி ஒருவரின் பெயரை எழுதினால் மற்றவர்களுக்குச் செய்யும் அநீதியாகும் என்றார். செய்தவரே தம் பெயரை முடியில் எழுதவில்லையே, அவர் விரும்பாததை நாம் ஏன் எழுத வேண்டும் என்றும் கேட்டார். இரண்டும் யோசித்துச் சொன்ன பதில்களாகத் தெரிந்ததால் நானும் யோசித்தே விடை சொல்கிறேன்.

கூத்து ஊருக்குப் பொதுவானது என்பது மெய். வீட்டுக்கு வீடு ஆடி, ஊரே நெல்லும் பணமும் சேர்த்து நடத்துவது அது. ஆனால் ஊரில் அது பெயரில்லாமல் நடந்ததில்லை. அரங்கேற்ற நோட்டீசில் அண்ணாவியார் பெயர் இருக்கும், கொப்பி எழுதியவர் பெயர் இருக்கும், மத்தளமும் தாளமும் பிடிப்பவர்கள் பெயர் இருக்கும், உடுப்பும் முடியும் யாருடையவை என்றும் இருக்கும். வரவு ஆட்டத்துக்கு ஆள் களரிக்குள் வரும்போதே, பாயில் படுத்திருந்து பார்க்கும் கிழவிகள் முடியைப் பார்த்து, இது இன்னாரின் கைவேலை என்று சொல்லிவிடுவார்கள். வெற்றிலைத் தட்டில் அவருக்கு வைக்க வேண்டியதை வைத்த பிறகே ஊர் அடுத்த காரியத்தைப் பார்த்தது. செய்தவரை அறியாதவர் எவரும் அங்கே இல்லை. களரியிலிருந்து எடுத்து வாகனத்தில் ஏற்றி நகரத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஒரு முடிக்குச் செய்தவர் இல்லாமற் போகிறார். ஆகவே பெயரின்மையை மரபு என்று சொல்லாதீர்கள். அது நம் அலுவலகங்களில் பிறந்த வழக்கம்.

அவர் தம் பெயரை எழுதவில்லை என்பதும் மெய். நான் ஒருமுறை கேட்டேன். "முடி ஆடுறவன்ர தலைக்கு, மச்சான். அங்க என்ர பேருக்கு என்ன வேலை?" என்றார். ஆடுபவரின் பெயரை அவர் எழுதினார். அவருடைய பெயரை மற்றவர்கள் எழுத வேண்டும் என்பதே அதன் பொருள் என்று நான் கொள்கிறேன். தம்மைத் தாமே எழுதிக்கொள்ளாத மனிதரைப் பற்றி எழுத வேண்டிய கடமை, பொருளைக் கையேற்றவர்களுடையது.

காரைதீவில் பிறந்து இந்த மண்ணுக்குப் பெருமை சேர்த்த சுவாமி விபுலாநந்தர், 1947இல் அரங்கேறிய தம் யாழ்நூலில் யாழுறுப்பியல் என்று ஓர் இயலையே வைத்தார். பண்ணைப் பேச வந்தவர், பண் பிறக்கும் கருவியின் உறுப்புக்களைப் பேசாமல் அங்கே போகவில்லை. அந்த நூலைக் கொண்டாடும் மாவட்டத்தில், கூத்தைப் பற்றிப் பேசும் நாம் முடியின் உறுப்புக்களையும் அதைக் கட்டிய கைகளையும் விட்டுவிட்டுப் போகலாகாது.

முடிகள் வைக்கப்பட்டிருக்கும் விதத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவை சுவரோடு ஒட்டி நிற்கின்றன. அவர் உயிரோடு இருந்திருந்தால் வர்ணத்தைவிட இதற்காகத்தான் அதிகம் வருந்தியிருப்பார். வட்டக்களரியில் முன்பக்கம் என்று ஒன்று இல்லை. சனம் நாலாபுறமும் இருக்கும். "பின்னால இருக்கிற ஆச்சிக்கும் அது ராசாட முடியாத்தான் தெரியணும்" என்பார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விடிய விடிய ஆடிய கூத்தைச் சுருக்கி, கர்ணன் போர், இராவணேசன் போன்றவற்றை மேடையேற்றியதால் நகரத்துச் சபையோரும் கூத்தைக் கண்டார்கள். அந்தப் பணியை என் நண்பர் மிகவும் மதித்தார். ஆனால் மேடைக்கு முடி கேட்டு வந்தவர்களுள் சிலர், சபை ஒரு பக்கத்தில்தானே, பின்பக்கத்தில் வேலை வேண்டாம், விலையைக் குறையுங்கள் என்று அவரிடம் பேரம் பேசியதுண்டு. அவர் விலையைக் குறைத்தார். பின்பக்கத்தை வழக்கம்போலவே செய்தார். அந்தப் பின்பக்கங்கள் இப்போது உங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அவற்றில் அவர் பதித்த தாமரை மொட்டுக்கள் முன்பக்கத்தில் இல்லாதவை. பின்னால் இருக்கும் ஆச்சிக்கென்று தனியே செய்தவை.

கடைசியாக அவரோடு வேலை செய்தது அவர் இறப்பதற்கு முந்திய வைகாசியில். கை நடுங்கத் தொடங்கியிருந்தது. கண்ணாடி வெட்ட முடியாததால் மாணவனை வெட்டச் சொல்லிவிட்டு, வெட்டிய துண்டுகளை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டம் தொடங்கிய பிறகு வழக்கமாகக் கொட்டிலுக்குள்ளேயே இருப்பவர், அன்று என் தோளைப் பிடித்துக்கொண்டு களரியை ஒருமுறை முழுதாகச் சுற்றி வந்தார். நான்கு இடத்தில் நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

என் கோரிக்கைகள் இவை. முதலாவதும் அவசரமானதும், மிகுதி நான்கு முடிகளைப் புதுப்பிப்பதற்கு எடுத்த தீர்மானத்தை உடனே நிறுத்தி, நிறுத்தியதை அதே பலகையில் எழுத்தில் அறிவியுங்கள். அந்த நான்கில் தகப்பனாரின் முடியும் ஒன்று. அதன்மேல் ஒரு துளி வர்ணம் விழுந்தாலும் திரும்பப் பெற வழியில்லை.

அட்டையை அகற்றிவிட்டுப் புதிய அட்டை எழுதுங்கள். அதில் செய்தவரின் முழுப்பெயரும் ஊரும் இருக்க வேண்டும். கண்ணாடி பதித்த அவர் மனைவியின் பெயரும், ஒவ்வொரு முடியையும் அணிந்து ஆடியவரின் பெயரும், கூத்தைப் பழக்கிய அண்ணாவியாரின் பெயரும் சேர வேண்டும். உட்புற எழுத்துக்கள் மூடப்பட்டுவிட்டதால் விவரம் இல்லை என்று சொல்ல வேண்டியதில்லை. ஏழு முடிகளின் அளவுகளையும் வரலாற்றையும் அவர் எழுதிவைத்த 43 பக்கக் கொப்பி மச்சாளிடம் இருக்கிறது. முடிகளை ஒப்படைக்குமுன் நான் எடுத்த படங்களும் இருக்கின்றன. இரண்டின் பிரதிகளையும் என் செலவில் உங்களுக்குத் தருவேன்.

வர்ணம் விசிறப்பட்ட மூன்று முடிகளையும் அவசரப்பட்டுக் கழுவவோ சுரண்டவோ வேண்டாம். பழம்பொருட் பாதுகாப்பில் பயிற்சி பெற்ற ஒருவரையும் என் நண்பரின் மாணவனையும் ஒன்றாக இருத்தி, றெஜிபோமை எழுத்து அழியாமல் எடுக்க முடியுமா, வர்ணத்தின் கீழிருக்கும் ஈயத்தாளை மீட்க முடியுமா என்று பார்க்கச் சொல்லுங்கள். முடியாது என்று அவர்கள் சொன்னால், என்ன நடந்தது என்பதை அட்டையில் உள்ளபடி எழுதுங்கள். அந்த மாணவனுக்கு நாட்கூலி கொடுக்க வேண்டும். அன்பின் பெயரால் இலவசமாக வேலை வாங்கக்கூடாது.

பெட்டியைச் சுவரிலிருந்து எடுத்து அறையின் நடுவில் வையுங்கள். பார்ப்பவர்கள் சுற்றி வர இடம் இருக்கட்டும். அவர் எழுதித் தந்த இரண்டாவது நிபந்தனைப்படி, முடி கட்டப் பழக விரும்பும் பிள்ளைகள் மாதத்தில் ஒரு நாளாவது வந்து, களஞ்சிய அறையிலுள்ள நான்கையும் கையில் எடுத்து அளக்க அனுமதியுங்கள். இப்போது அவர் ஊரில் மூன்று பேர் அதற்கு ஆயத்தமாக இருக்கிறார்கள்.

என் நண்பரின் ஆண்டுத் திதி இன்னும் 19 நாட்களில் வருகிறது. அதற்கு முன்னர் எழுத்தில் பதில் தாருங்கள். அட்டையை மாற்றும் நாளையும் அதில் குறிப்பிடுங்கள். மச்சாள் உங்கள் கூடத்துக்கு இன்னும் வரவில்லை. அந்த அட்டை இருக்கும்வரை வர மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். மாற்றிய பிறகு நானே அவரை அழைத்து வருகிறேன்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர், கூத்து ஒப்பனைக் கலைஞர்
மட்டக்களப்பு